தொழில் ஆரம்பிக்கிறீங்களா? ப்ரொப்ரைட்டரா, பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியான்னு முடிவு பண்றது எப்படி

ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 11 வருஷமா வேலை பாக்குறேன். நான் ஆடிட்டர் கிடையாது, கணக்கு எழுதுறவன், ரிட்டர்ன் போடுறவன். ஆனா புதுசா தொழில் ஆரம்பிக்கப் போறவங்க முதல்ல வந்து உக்காந்து பேசுறது என் டேபிள்லதான். வந்ததும் கேக்குறது பெரும்பாலும் "பிரைவேட் லிமிடெட் போட எவ்ளோ ஆகும்ங்க?"ங்கறதுதான். என்ன தொழில், யார் பணம் போடுறா, கூட யார் இருக்கா, எதுவும் பேச்சுல வராது. கம்பெனி போட்டா வரி கம்மின்னு யாரோ சொல்லியிருப்பாங்க, விசிட்டிங் கார்டுல பிரைவேட் லிமிடெட்னு இருந்தா மரியாதைன்னு இன்னொருத்தர் சொல்லியிருப்பாங்க, அதை நம்பி வந்துருவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆள் லேட் ஃபீஸ் நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு வந்து நிக்கும்போது மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கும். அதனாலதான் இதை எழுதுறேன்.

நான் திருப்பிக் கேக்குறது ரெண்டே கேள்வி. தொழில் கடன்ல போச்சுன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க? இந்தத் தொழில்ல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்ல வேற யாருக்காவது உரிமை உண்டா? இது ரெண்டுக்கும் பதில் தெளிவா இருந்தா எந்த அமைப்புன்னு பாதி முடிவாயிடும், வரி அதுக்கு அப்புறம்தான். வரியை முதல்ல வச்சு யோசிச்சா எங்க தப்பாகுதுன்னு கீழ கணக்கு போட்டே காட்டுறேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். 2026 ஏப்ரல் 1ல இருந்து வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துருச்சு, செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிடுச்சு. ஆனா சின்ன வியாபாரிங்க லாபத்தை ஒரு சதவீதமா காட்டுற செக்‌ஷனை கடைத்தெருவுல இன்னும் எல்லாரும் 44ஏடின்னுதான் சொல்றாங்க, அதனால நானும் பழைய நம்பரையே சொல்றேன். கணக்கு போடுறது 2025-26 நிதியாண்டு ரேட்டை வச்சு.

ப்ரொப்ரைட்டர்ஷிப்: ஒத்தை ஆள் கடை

ஒருத்தரே முதல் போட்டு ஒருத்தரே நடத்துற தொழில். இதுக்குன்னு தனியா ஒரு சட்டமோ ரிஜிஸ்ட்ரேஷனோ கிடையாது. கடைக்குத் தனி பான் கார்டு வராது, உங்க பான்தான் கடையோட பான், கடை லாபம் உங்க வருமானம். பேங்க்ல கடை பேர்ல கரன்ட் அக்கவுண்ட் ஓப்பன் பண்ண கடை இருக்குன்னு காட்டுற மாதிரி ரெண்டு ப்ரூஃப் கேப்பாங்க. உத்யம் (சிறு, குறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) சர்டிபிகேட் ஒண்ணு, கார்ப்பரேஷன் இல்ல பஞ்சாயத்து லைசென்ஸ் இல்லாட்டி ஜிஎஸ்டி சர்டிபிகேட் இன்னொண்ணு, அவ்ளோதான். உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் அரசாங்கத் தளத்துல முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தா வீட்டுல உக்காந்தே முடிச்சிரலாம். அதே மாதிரி தோற்றத்துல தளம் வச்சுப் பணம் வாங்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவுசெஞ்சு அங்க கட்டிடாதீங்க.

வரி விஷயத்துல சின்னத் தொழிலுக்கு இதைவிட நல்லது கிடைக்காதுன்னுதான் சொல்லுவேன். வருமான வரியோட புது ரெஜிம்ல 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல, 4ல இருந்து 8 வரைக்கும் 5%, 12 வரைக்கும் 10%, 16 வரைக்கும் 15%, 20 வரைக்கும் 20%, 24 வரைக்கும் 25%, அதுக்கு மேல 30%. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டலைன்னா ரிபேட்ல, அதாவது வரித் தள்ளுபடியில, வரி பூஜ்யம் ஆயிடும் (ஷேர், இடம் வித்த லாபத்துக்கு இந்த ரிபேட் வராது, அது தனி).

இதோட 44ஏடியைச் சேர்த்துப் பாருங்க. டர்ன்ஓவர் 2 கோடி வரைக்கும் இருக்குற வியாபாரம், ரொக்கமா வர்றது மொத்த வரவுல 5%க்குள்ள இருந்தா 3 கோடி வரைக்கும், கணக்குப் புத்தகம் வச்சு ஆடிட் பண்ணணும்னு கட்டாயம் இல்லாம ஒரு சதவீதத்தை லாபம்னு காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவுக்கு 8%, யுபிஐ, செக், பேங்க் டிரான்ஸ்ஃபர்ல வந்ததுக்கு 6%. பவானி ரோட்டுல ஒரு ஹார்டுவேர் கடை வருஷம் ஒன்றரைக் கோடி ஓட்டுது, எல்லாம் யுபிஐயும் பேங்க்கும்தான்னு வச்சுக்கோங்க. 6%ன்னா 9 லட்சம் லாபம், வேற வருமானம் இல்லைன்னா வரி ஒரு ரூபா கூட வராது. உண்மையான லாபம் அதைவிட ஜாஸ்தின்னா ஜாஸ்தியாத்தான் காட்டணும், 6%ங்கறது குறைஞ்சபட்சம், அதை மறந்துட்டு எல்லா வருஷமும் கண்ணை மூடிக்கிட்டு 6 போடுறவங்க பின்னாடி வீட்டு லோனுக்குப் போகும்போது வருமானம் பத்தலைன்னு பேங்க்ல திருப்பி அனுப்பிடுவாங்க, அதுவும் நடக்குது. இன்னொண்ணு, ஒரு தடவை 44ஏடிக்குள்ள வந்துட்டு அடுத்த 5 வருஷத்துக்குள்ள வெளிய போனீங்கன்னா திரும்ப உள்ள வர 5 வருஷம் காத்திருக்கணும். கமிஷன், புரோக்கரேஜ், ஏஜென்சி வருமானத்துக்கு இது கிடையாது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் மாதிரி தொழில்காரங்களுக்கு 44ஏடிஏன்னு தனியா இருக்கு, அங்க வரவுல பாதி லாபம், வரம்பு 50 லட்சம், ரொக்கம் 5%க்குள்ள இருந்தா 75 லட்சம்.

அட்வான்ஸ் டாக்ஸும் (வருஷம் முடியறதுக்குள்ளயே கட்டுற வரி) 44ஏடி, 44ஏடிஏ போடுறவங்களுக்கு சுலபம், மார்ச் 15க்குள்ள ஒரே தவணை. மத்தவங்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்னு நாலு தவணை.

சரி, குறை என்ன? கடையும் நீங்களும் சட்டத்துக்கு ஒரே ஆள். கடைக் கடன் உங்க கடன், சப்ளையர் கேஸ் போட்டு ஜெயிச்சா உங்க பேர்ல இருக்குற வீடு, இடம் வரைக்கும் வரலாம்.

ரெண்டாவது குறையைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. எங்க பெரியப்பா பெருந்துறை பக்கம் பாத்திரக் கடை வச்சிருந்தார், 26 வருஷக் கடை. ஒரு நாள் காலைல நெஞ்சு வலின்னு போனவர் திரும்பி வரல. கடை முழுக்க சரக்கு இருக்கு, தீபாவளிக்கு ஆர்டர் குடுத்தது வந்து இறங்குது, ஆனா கரன்ட் அக்கவுண்ட் அவர் ஒருத்தர் பேர்ல, நாமினி போடல, பணம் எடுக்க முடியல. ஜிஎஸ்டி நம்பர் அவர் பான்ல இருக்கு, பையன் அதே நம்பர்ல பில் போட முடியாது, புதுசா தன் பான்ல ரிஜிஸ்டர் பண்ணி, பழைய நம்பர்ல இருந்த இன்புட் கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கட்டுன ஜிஎஸ்டி, விக்கும்போது கழிச்சுக்கலாம்) ஐடிசி-02 ஃபார்ம்ல மாத்தி, வாரிசுச் சான்றிதழுக்கு தாலுக்கா ஆபீஸ் அலைஞ்சு, அப்பா பேர்ல கடைசி ரிட்டர்னை வாரிசா போட்டு முடிக்க நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்துல வாடிக்கையா வாங்குனவங்க பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க. அதனால ப்ரொப்ரைட்டரா இருக்குறவங்க இன்னைக்கே பேங்க்ல போய் கரன்ட் அக்கவுண்டுக்கு நாமினி போடுங்க, 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் போடலாம். கடை வாடகை அக்ரிமெண்ட், கடன் பாக்கி லிஸ்ட் எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும்.

பார்ட்னர்ஷிப்: டீட் (ஒப்பந்தப் பத்திரம்) எழுதாம ஆரம்பிக்காதீங்க

ரெண்டு பேர் சேந்து தொழில் பண்றீங்கன்னா பேப்பர் எழுதுனாலும் எழுதாட்டியும் சட்டம் அதை பார்ட்னர்ஷிப்னுதான் பாக்கும், 1932ம் வருஷத்து பார்ட்னர்ஷிப் சட்டம் இது. எங்க சித்தப்பாவும் அவரோட ஸ்கூல் ஃப்ரெண்டும் நூல் வியாபாரம் ஆரம்பிச்சாங்க, போட்ட பணத்துல நாலுல மூணு பங்கு சித்தப்பாது. "நமக்குள்ள என்னடா பேப்பரு"ன்னு விட்டுட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு பிரியும்போதுதான் தெரிஞ்சது, எழுத்துல எதுவும் இல்லைன்னா லாப நஷ்டம் சமபங்குன்னு சட்டமே சொல்லுதுன்னு. யார் எவ்ளோ முதல் போட்டாங்கங்கறது லாபப் பங்கை மாத்தாது, வேலை பார்த்ததுக்குச் சம்பளமும் கேக்க முடியாது. ஃப்ரெண்டு மேலயும் தப்பு சொல்ல முடியல, அவர் நியாயம் அவருக்கு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அதனால டீட் கட்டாயம். அதுல முதல், லாபப் பங்கு மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க. யார் வொர்க்கிங் பார்ட்னர், அவங்களுக்குச் சம்பளம் எப்படிக் கணக்குங்கறது டீட்ல இருக்கணும், இல்லைன்னா வருமான வரியில அந்தச் சம்பளத்தைச் செலவாக் கழிக்க விட மாட்டாங்க. முதலுக்கு வட்டி 12% வரைக்கும் கழிக்கலாம், அதுவும் டீட்ல எழுதியிருந்தாத்தான். ஒருத்தர் விலகுனா சரக்கையும் பாக்கியையும் எப்படி மதிப்பு போடுறது, பணம் எத்தனை மாசத்துல குடுக்குறது, கடைப் பேர் யாருக்கு, செக்ல யார் கையெழுத்து, இதெல்லாம் நல்லா இருக்கும்போதே எழுதிக்கணும். முக்கியமா ஒரு பார்ட்னர் இறந்துட்டா தொழில் தொடரும்னு ஒரு வரி இருக்கணும், அந்த வரி இல்லைன்னா இறந்த அன்னைக்கே ஃபர்ம் கலைஞ்சதா அர்த்தம் ஆயிடும். அப்புறம் ரெண்டே பார்ட்னர்னா ஒருத்தர் போனதும் மிச்சம் ஒருத்தர்தான், ஒத்தை ஆள் பார்ட்னர்ஷிப்னு ஒண்ணு கிடையாதுங்கறதால வாரிசு உள்ள வர்ற மாதிரி எழுதுறது நல்லது.

டீட் எழுதுனதும் ஃபர்மை பதிவுத்துறையில ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. கட்டாயம் இல்லைன்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா ரிஜிஸ்டர் ஆகாத ஃபர்ம் சரக்கு வாங்கிட்டுப் பணம் தராதவன் மேல கோர்ட்டுல வசூல் கேஸ் போட முடியாது, 69வது செக்‌ஷன். கடனுக்கு சரக்கு குடுக்குற ஊர்ல இதை விட்டா எப்படி?

பொறுப்பு விஷயத்துல இது ப்ரொப்ரைட்டர்ஷிப்பைவிட ஆபத்துன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா உங்க பார்ட்னர் ஃபர்ம் பேர்ல வாங்குன கடனுக்கும் உங்க வீடு பொறுப்பு. பாதி மட்டும் இல்ல, முழுசும் உங்ககிட்டயே கேக்கலாம். குணம் தெரியாத ஆளோட பார்ட்னர்ஷிப் போடாதீங்க.

வரி: ஃபர்முக்கு ஸ்லாப் கிடையாது, முதல் ரூபாயில இருந்து 30%, செஸ் சேர்த்து 31.2%. ஆனா பார்ட்னர் சம்பளத்தைக் கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான். லாபத்துல முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் இல்ல 90%, எது ஜாஸ்தியோ அது, அதுக்கு மேல 60%, இதான் எல்லா பார்ட்னருக்கும் சேர்த்துச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. வரி கட்டுனப்புறம் பார்ட்னர் கைக்கு வர்ற லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து புதுசா ஒண்ணு வந்திருக்கு, ஒரு பார்ட்னருக்கு வருஷம் 20,000க்கு மேல சம்பளம், வட்டி குடுத்தா ஃபர்ம் 10% டிடிஎஸ் (குடுக்கும்போதே பிடிக்கிற வரி) பிடிக்கணும், செக்‌ஷன் 194T. அதுக்கு டான் (டிடிஎஸ் பிடிக்கிறவங்களுக்கான) நம்பர் வாங்கணும். இது இன்னும் நிறைய பேருக்குத் தெரியல, வருஷக் கடைசில வந்து முழிக்கிறாங்க.

எல்எல்பி

லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்ங்கறதோட சுருக்கம். இதுவும் பார்ட்னர்ஷிப்தான், ஆனா பார்ட்னர் பண்ண தப்புக்கு உங்க வீடு போகாது. 2008ம் வருஷத்து சட்டம், பதிவு கம்பெனி விவகார அமைச்சகத்துல. வரி பார்ட்னர்ஷிப் மாதிரியே 30%. டர்ன்ஓவர் 40 லட்சத்தையும், பார்ட்னருங்க போட்ட முதல் 25 லட்சத்தையும் தாண்டலைன்னா எல்எல்பி சட்டப்படி ஆடிட் கட்டாயம் இல்ல. வருஷா வருஷம் மே 30க்குள்ள ஃபார்ம் 11 (வருஷ ரிட்டர்ன்), அக்டோபர் 30க்குள்ள ஃபார்ம் 8 (கணக்கு), தொழிலே நடக்காட்டியும் போட்டாகணும். பெரிய குறை என்னன்னா 44ஏடியும் 44ஏடிஏவும் எல்எல்பிக்குக் கிடையாது. அதனால ஜவுளிக் கடை, மளிகை மாதிரி வியாபாரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு பேர் சேந்து டிசைன், சாஃப்ட்வேர், கன்சல்டிங்னு பண்றவங்க, கிளையண்ட் நஷ்டஈடு கேக்க வாய்ப்பு இருக்குற வேலைன்னா, தாராளமா போடலாம்.

பிரைவேட் லிமிடெட்: யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்

ரெண்டு டைரக்டர், ரெண்டு ஷேர்ஹோல்டர், அதே ரெண்டு பேரா இருக்கலாம். குறைஞ்ச முதல்னு எதுவும் கிடையாது. ஆரம்பிக்கிறது நிஜமாவே சுலபம், ஆன்லைன்லயே முடிஞ்சிரும், அதனாலதான் எல்லாரும் ஆரம்பிச்சிடுறாங்க. வேலை அதுக்கு அப்புறம்தான் இருக்கு. 30 நாளுக்குள்ள ஆடிட்டர் நியமிக்கணும், 180 நாளுக்குள்ள ஷேர் பணம் வந்துருச்சுன்னு ஐஎன்சி-20ஏ போடணும், ஒரு ரூபா வியாபாரம் நடக்காட்டியும் வருஷா வருஷம் ஆடிட், மீட்டிங் மினிட்ஸ், ஏஓசி-4 (கணக்கு), எம்ஜிடி-7 (வருஷ ரிட்டர்ன்). இந்த ரெண்டு ஃபார்ம்ல எது லேட் ஆனாலும் ஒரு ஃபார்முக்கு ஒரு நாளைக்கு 100 ரூபா, உச்சவரம்பு இல்ல. ரெண்டையும் ஒரு வருஷம் விட்டா 73,000. தொடர்ந்து 3 வருஷம் விட்டா டைரக்டர்களை 5 வருஷத்துக்குத் தகுதி நீக்கம் பண்ணிடுவாங்க. போன வருஷம் ஒரு தம்பி வந்தான், சேவூர் பக்கம், 2021ல கம்பெனி போட்டு மூணே மாசத்துல தொழிலை விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான், கம்பெனி தன்னால மூடிக்கும்னு நினைச்சிருக்கான். தன்னால மூடாதுங்க, நீங்கதான் முறைப்படி ஸ்ட்ரைக் ஆஃப் (பதிவுல இருந்து கம்பெனி பேரை நீக்குறது) அப்ளிகேஷன் போடணும், அதுக்கும் பாக்கி ஃபார்ம் எல்லாம் போட்டிருக்கணும்.

அடுத்து மனசுல பதிய வேண்டியது, கம்பெனிப் பணம் உங்க பணம் கிடையாது. கல்லாவுல இருந்து எடுக்குற மாதிரி கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து மகள் கல்யாணத்துக்கு எடுக்க முடியாது. கடன்னு எழுதி எடுத்தா கம்பெனிச் சட்டத்துலயும் சிக்கல், வருமான வரியில 2(22)(இ)ன்னு அதை டிவிடெண்டாவே (ஷேர்ஹோல்டருக்குக் குடுக்குற லாபப் பங்கு) எடுத்துக்கிட்டு உங்க கையில வரி கேப்பாங்க. சம்பளம், வாடகை, வட்டி, டிவிடெண்ட், இந்த வழியிலதான் வெளிய வரும்.

வீட்டுக்குப் பாதுகாப்புன்னு சொல்றது கூட பாதிதான் உண்மை. சின்னக் கம்பெனிக்கு பேங்க் லோன் குடுக்கும்போது டைரக்டர் பர்சனல் கேரண்டி கையெழுத்து வாங்காம குடுக்குற பேங்க்கை நான் இதுவரைக்கும் பாக்கல, கையெழுத்து போட்டா அந்தக் கடனுக்கு வீடு மறுபடி உள்ள வந்துருச்சு. கம்பெனிகிட்ட வசூல் ஆகாத வருமான வரியை டைரக்டர்கிட்ட வசூலிக்கவும் சட்டத்துல வழி இருக்கு. பாதுகாப்பு எதுக்குன்னா சப்ளையர் பாக்கி, கஸ்டமர் கேஸ் மாதிரி கேரண்டி குடுக்காத கடனுக்கு.

அப்போ யாருக்கு வேணும்? வெளியாள் முதலீடு வாங்கப் போறவங்க, வேலை பாக்குறவங்களுக்கு ஷேர் குடுக்க நினைக்கிறவங்க, கம்பெனியா இருந்தாத்தான் வெண்டரா சேர்ப்போம்னு சொல்ற பெரிய வாடிக்கையாளர் இருக்குறவங்க, லாபத்தை எடுக்காம தொழில்லயே விட்டு வளக்குறவங்க, அப்பாவுக்கு அப்புறமும் தடங்கல் இல்லாம நடக்கணும்னு நினைக்கிற ஓரளவு பெரிய யூனிட். இதுல ஒண்ணு கூட இல்லைன்னா இப்போதைக்கு வேண்டாம்ங்க. ஒரே ஆளுக்கு ஓபிசின்னு (ஒன் பெர்சன் கம்பெனி) ஒண்ணு இருக்கு, நாமினி ஒருத்தர் போதும், ஆனா ஆடிட், ஃபைலிங் செலவு கிட்டத்தட்ட அதேதான்.

இப்போ வரிக் கணக்கு

அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரெண்டு பேரும் முழு நேரம் உழைக்கிறாங்க, வருஷ லாபம் 30 லட்சம், ரெண்டு பேருக்கும் வேற வருமானம் இல்ல, புது ரெஜிம். ஆடிட் ஃபீஸ் சேர்க்கல.

அண்ணன் பேர்ல ப்ரொப்ரைட்டர், தம்பிக்குச் சம்பளம் எதுவும் எழுதலைன்னா அண்ணனுக்கு வரி 4,99,200. அதே தம்பிக்கு 15 லட்சம் சம்பளம் எழுதுனா? தம்பிக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக 14.25 லட்சத்துக்கு 97,500, அண்ணனுக்கு மிச்சம் 15 லட்சத்துக்கு 1,09,200, மொத்தம் 2,06,700.

பார்ட்னர்ஷிப்னா சம்பளம் அதிகபட்சம் 5.4 லட்சமும் மிச்சம் 24 லட்சத்துல 60%ம் சேர்த்து 19.8 லட்சம். மிச்சம் 10.2 லட்சத்துக்கு ஃபர்ம் கட்டுறது 3,18,240. ஆளுக்கு 9.9 லட்சம் சம்பளம், 12க்குள்ள இருக்குறதால வரி இல்ல. முதலுக்கு வட்டி எழுதுனா இது இன்னும் குறையும்.

கம்பெனின்னா ஆளுக்கு 12 லட்சம் சம்பளம், வரி இல்ல, மிச்சம் 6 லட்சத்துக்கு 25.168% ரேட்ல 1,51,008. ஆஹா கம்மின்னு தோணும், ஆனா மிச்சப் பணம் கம்பெனிக்குள்ள இருக்கு. அதை டிவிடெண்டா எடுத்தா ரெண்டு பேரும் 12 லட்சத்தைத் தாண்டிடுறாங்க, ரிபேட் போச்சு, ஆளுக்கு 85,000 சொச்சம், எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 22 ஆயிரம் பக்கம், பார்ட்னர்ஷிப்பைத் தாண்டிருச்சு. முழுசையும் ஆளுக்கு 15 லட்சம் சம்பளமாவே எடுத்தா மொத்தம் 1,95,000.

பாத்தீங்களா, ப்ரொப்ரைட்டர்ல தம்பிக்குச் சம்பளம் குடுத்த கணக்குக்கும் கம்பெனிக் கணக்குக்கும் வித்தியாசம் 11,700 ரூபாதான், ஒரு வருஷ ஆடிட் ஃபீஸுக்குக் கூட வராது. ஆனா முதல் கணக்குல தம்பி வெறும் சம்பள ஆள். 20 வருஷம் உழைச்சுட்டு அண்ணன் பையன் வந்து "சித்தப்பா, கடை அப்பா பேர்ல இருக்கு"ன்னு சொன்னா கையில ஒரு பேப்பர் இருக்காது. அந்த இடத்துல நான் பார்ட்னர்ஷிப்தான் போடச் சொல்லுவேன், வரி ஒரு லட்சம் கூட வந்தாலும் சரி.

இதுல ஒரு எச்சரிக்கை. சம்பளத்தை இஷ்டத்துக்கு எழுத முடியாது, சொந்தக்காரங்களுக்கு வேலைக்கு மீறிக் குடுத்தா அதிகப்படியை ஆபீசர் வெட்டிடலாம். மனைவிக்குச் சம்பளம் எழுதுறது இன்னும் கவனமா பண்ணணும், அவங்க படிப்பு, தொழில் அனுபவத்தால வர்ற வருமானம்னு காட்ட முடியலைன்னா அந்தச் சம்பளத்தை உங்க வருமானத்தோடயே சேர்த்து வரி போடுவாங்க, கிளப்பிங்னு சொல்றது இதைத்தான். வீட்டம்மா டெய்லரிங் டிப்ளமோ முடிச்சு யூனிட்டை அவங்கதான் நடத்துறாங்கன்னா பிரச்னை இல்ல, பேருக்கு எழுதுறதுதான் மாட்டும்.

ஜிஎஸ்டிக்கு அமைப்பு முக்கியமில்ல, பான்தான் முக்கியம்

தமிழ்நாட்டுல பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு வருஷ டர்ன்ஓவர் 40 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி, சர்வீஸ் சேர்ந்தா 20 லட்சம். ஐஸ்க்ரீம், பான் மசாலா, புகையிலை, செங்கல் மாதிரி சிலதுக்கு 40 கிடையாது. டர்ன்ஓவர்ங்கறது பான் கணக்கு, ஒரே ஆள் ஈரோட்டுல ஒரு கடை கோபியில ஒரு கடை வச்சிருந்தா ரெண்டும் சேரும், வரி விலக்கு உள்ள பொருளோட விற்பனையும் சேரும். பொருளை வெளி மாநிலத்துக்கு விக்கிறீங்கன்னா பெரும்பாலும் முதல் பில்லுக்கே ஜிஎஸ்டி வேணும், பெங்களூருக்கு பெட்ஷீட் அனுப்பப் போறவங்க இதைக் கவனிங்க. 2025ல கர்நாடகாவுல சின்னக் கடைக்காரங்க நிறைய பேருக்கு யுபிஐ வரவை வச்சே நோட்டீஸ் போச்சு, அதனால வரவு கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைக்க வேண்டாம், வீட்டுச் செலவு, கைமாத்து எல்லாம் கடை க்யூஆர்ல வாங்காதீங்க.

உள்ளூர்லயே நேரடியா ஜனங்களுக்கு விக்கிற கடைன்னா காம்போசிஷன் (டர்ன்ஓவர்ல ஒரு சின்ன சதவீதத்தை ஜிஎஸ்டியா கட்டுற திட்டம்) நல்லது, ஒன்றரைக் கோடி வரைக்கும், வியாபாரிக்கும் உற்பத்திக்கும் 1%, ஹோட்டலுக்கு 5%. ஆனா அந்த வரியை பில்லுல வாங்கக் கூடாது, கைக்காசுல கட்டணும், இன்புட் எடுக்க முடியாது, உங்ககிட்ட வாங்குற கடைக்காரருக்கும் இன்புட் கிடைக்காது. அதனால மொத்த வியாபாரம், ஜாப் வொர்க் பண்றவங்களுக்கு இது ஒத்து வராது.

எந்த அமைப்பா இருந்தாலும் ரொக்க விஷயத்துல மூணு நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10,000க்கு மேல ரொக்கமா குடுத்த செலவைக் கணக்குல கழிக்க விட மாட்டாங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா கடன் வாங்கக் கூடாது. ஒருத்தர்கிட்ட ஒரே நாள்லயோ ஒரே வியாபாரத்துக்கோ 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்குன தொகை முழுசும் அபராதம். முழு கணக்கு வச்சு லாபம் காட்டுறவங்க, உத்யம் உள்ள சின்ன உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள்ள, அக்ரிமெண்ட் இல்லைன்னா 15 நாளுக்குள்ள பணம் குடுத்துருங்க. வருஷக் கடைசில அந்தப் பாக்கி நின்னா அந்த வருஷச் செலவா ஏத்துக்க மாட்டாங்க.

பின்னாடி மாத்திக்கலாமா?

தாராளமா. ப்ரொப்ரைட்டரா ஆரம்பிச்சு வளந்தப்புறம் கம்பெனியா மாத்தும்போது சொத்து, கடன் எல்லாத்தையும் கம்பெனிக்குக் குடுத்து, பதிலுக்கு ஷேர் மட்டும் வாங்கி, 50%க்குக் குறையாம 5 வருஷம் வச்சிருந்தா கேபிடல் கெய்ன்ஸ் வரி (சொத்து கைமாறும்போது வர்ற லாபத்துக்கான வரி) வராது. கம்பெனியில இருந்து கீழ இறங்கி ப்ரொப்ரைட்டர் ஆகுறதுதான் கஷ்டம், செலவும் ஜாஸ்தி. ப்ரொப்ரைட்டரா இருக்கும்போதே கடைப் பேருக்கு டிரேட்மார்க் போட்டு வச்சுக்கோங்க, தனி ஆளுக்கு அரசாங்க ஃபீஸ் 4,500 ரூபா, கம்பெனி ஆனப்புறம் அதை மாத்தி எழுதிக்கலாம். ஜிஎஸ்டியில பேர் இருக்குறதால பேர் உங்களுதுன்னு ஆகாது.

ஆடிட்டர்கிட்ட முதல் தடவை போகும்போது ஆதார், பான், இடத்தோட வாடகை அக்ரிமெண்ட் இல்ல வீட்டு வரி ரசீது, ஈபி பில், யார் யார் எவ்ளோ பணம் எந்த அக்கவுண்ட்ல இருந்து போடப் போறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. கூட்டாளி இருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு பேரும் உக்காந்திருக்கும்போதே விலகுனா என்னன்னு அந்தக் கேள்வியை ஆடிட்டரை விட்டே கேக்கச் சொல்லுங்க, நீங்க கேட்டா அவருக்கு மனசு சங்கடமா இருக்கும்.